சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிக்கு கிரெடிட் கார்டு கிடைக்குமா?

கேள்வி: “எனக்கு மூன்று ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கரில் நெல், ஒரு ஏக்கரில் மணிலா. இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நகரத்தில் ஒரு வங்கியில் கிரெடிட் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். ‘சம்பளச் சீட்டு கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருட வருமானவரிக் கணக்கு கொடுங்கள்’ என்றார்கள். இரண்டும் என்னிடம் இல்லை. அங்கே வந்து போகும் ஒரு ஏஜெண்ட், ‘மூவாயிரம் ரூபாய் கொடுங்கள், வருடத்துக்கு ஐந்து லட்சம் வியாபார வருமானம் என்று கணக்குத் தாக்கல் செய்து தருகிறேன். வரி ஒரு பைசா வராது, கார்டு கைக்கு வந்துவிடும்’ என்கிறார். செய்யலாமா? விவசாயிக்கு இதற்கு நேரான வழி கிடையாதா?”

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஏஜெண்ட் சொல்வதைச் செய்யக் கூடாது. நேரான வழி இருக்கிறது. அதற்கு முன் இந்த வாசகர் யோசிக்க வேண்டியது, தனக்குத் தேவை எந்தக் கார்டு என்பதை. பெயரில் இரண்டுமே ‘கிரெடிட் கார்டு’தான். ஆனால், வங்கி தரும் சாதாரண கிரெடிட் கார்டும் கிசான் கிரெடிட் கார்டும் வேறு வேறு. முதலாவதுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டாவதுக்கு சாகுபடிச் செலவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வங்கி ஏன் வருமானத்தைக் கேட்கிறது?

சாதாரண கிரெடிட் கார்டு என்பது எந்த ஈடும் இல்லாமல் கொடுக்கும் கடன். நகை, நிலம், ஜாமீன்தாரர் எதுவும் கிடையாது. அதனால், வாங்கியவர் மாதா மாதம் திருப்பிக் கட்டுவாரா என்பதைத்தான் வங்கி பார்க்கிறது. அப்படிப் பார்த்துத்தான் கார்டு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதியும்கூட. மாதச் சம்பளக்காரர் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, சம்பளம் ஏறும் கணக்கின் அறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். சொந்தத் தொழில் என்றால் வருமானவரிக் கணக்கும், வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். கார்டுக்கு விண்ணப்பிக்க பான் எண்ணும் கட்டாயம்.

விவசாயி இந்த இரண்டு கட்டத்திலும் அடங்குவதில்லை. சம்பளச் சீட்டுக்கு வழியே இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், பெரும்பாலானவர்கள் வருமானவரிக் கணக்கும் தாக்கல் செய்வதில்லை. நிலத்தில் வருமானம் இருந்தும் காகிதத்தில் இல்லை. ஆகவே, வங்கி மறுத்ததற்கு ‘விவசாயி’ என்ற காரணத்தைவிட ‘காகிதம் இல்லை’ என்ற காரணமே பெரிது.

கார்டு தர மறுத்தால், என்ன காரணத்துக்காக மறுக்கிறோம் என்பதை வங்கி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு வழிமுறைகளில் இது இருக்கிறது. வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்று சொல்லி அனுப்பினால், எழுத்தில் கேட்டு வாங்கலாம். காரணம் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்பது தெரியும்.

ஐந்து லட்சம் என்று காட்டினால் என்ன ஆகும்?

‘வரி வராது’ என்று ஏஜெண்ட் சொல்வது உண்மைதான். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. அதனால்தான் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடுகிறது. ஆனால், வரி வராவிட்டாலும் இல்லாத வருமானம் பான் எண்ணில் ஏறி நிற்கும். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றன.

வாசகரின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு மாதம் 1,000 ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால், அதற்கான நிபந்தனைகளில் ஒன்று குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. கல்வி உதவித்தொகை பலவற்றுக்கும் வருமான வரம்பு உண்டு. பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். மகனுக்காக தாசில்தாரிடம் வாங்கிய வருமானச் சான்றில் ஒரு தொகை, அதே தகப்பனின் வருமானவரிக் கணக்கில் ஐந்து லட்சம் என்று இரண்டு காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரணாக நின்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஏஜெண்ட் அல்ல; கணக்கில் பெயர் உள்ளவர்தான்.

அடுத்தது சட்டம். வருமானவரிக் கணக்கின் கடைசியில் ‘இதில் உள்ளவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி உண்டு. தெரிந்தே பொய்யாக உறுதி அளிப்பது வழக்குத் தொடரக்கூடிய குற்றம். பொய்யான ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியது தெரிந்தால், வங்கி கார்டை ரத்து செய்வதோடு மோசடிப் புகாரும் கொடுக்கலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது. ஐந்து லட்சம் வருமானம் என்று காட்டினால், அந்த வருமானத்துக்கு ஏற்ற கடன் வரம்பை வங்கி கொடுத்துவிடும். கட்ட வேண்டியதோ உண்மையான வருமானத்திலிருந்து. பொய்யான கணக்கு கடன் வாங்க உதவும், கடனைக் கட்ட உதவாது.

உண்மையான கணக்கைத் தாக்கல் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் விருப்பப்பட்டுத் தாக்கல் செய்ய யாருக்கும் தடையில்லை. இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பயிர் வருமானம்தான் வரியில்லாத விவசாய வருமானம். பால் விற்ற பணம், கோழி வளர்ப்பு வருமானம் இவை வருமானவரிச் சட்டப்படி விவசாய வருமானம் அல்ல, தொழில் வருமானம். இரண்டு மாட்டின் பால் பணம் வரி கட்டும் அளவுக்கு வராது. ஆனால், கணக்கில் சரியான இடத்தில் காட்ட வேண்டும்.

இரண்டு, ஆண்டு விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ‘சஹஜ்’, ‘சுகம்’ என்ற எளிய படிவங்கள் பொருந்தாது. அவசரத்துக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர்கள், விவசாய வருமானத்தையே மறைத்து, வியாபார வருமானம் என்று எழுதி இந்தப் படிவத்தில் போட்டுவிடுவார்கள். விவரம் தெரிந்த ஆடிட்டர் அல்லது வரி ஆலோசகரிடம் நிலத்தின் விவரத்தைச் சொல்லி, சரியான படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்று, ‘கணக்குத் தாக்கல் செய்தால் பி.எம்.கிசான் பணம் நின்றுவிடும்’ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தத் திட்டத்தில் தகுதி இழப்பவர்கள், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமானவரி கட்டியவர்கள். வரி ஏதும் கட்டாமல் கணக்கு மட்டும் தாக்கல் செய்தவர்கள் அந்தப் பட்டியலில் சேர மாட்டார்கள்.

வருமானத்துக்குத் தடயம் வேண்டும்

வருமானவரிக் கணக்கு இல்லாவிட்டாலும், வங்கிக் கணக்கில் வரவு ஒழுங்காக இருந்தால் சில வங்கிகள் அதைப் பார்த்தே முடிவு செய்கின்றன. குறிப்பாக, பல வருடங்களாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி. இங்கேதான் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே பாதகம் செய்துகொள்கிறார்கள். களத்து மேட்டில் வியாபாரி கையில் கொடுக்கும் ரொக்கம் அப்படியே உரக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் போய்விடுகிறது. வங்கிப் புத்தகத்தில் காஸ் மானியமும் பி.எம்.கிசான் பணமும் மட்டும் இருக்கும். அதைப் பார்க்கும் அதிகாரி, ‘இவருக்கு வருமானமே இல்லை’ என்றுதான் நினைப்பார்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்ற மணிலாவுக்கும் கணக்கில் பணம் வாங்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தின் பட்டுவாடா, கரும்பு போடுபவர்களுக்கு ஆலையின் பட்டுவாடா இவையும் அப்படித்தான். இந்த வரவுகள் எல்லாம் ஒரே கணக்கில் ஓராண்டு முழுக்க வந்தால், அந்த 12 மாத அறிக்கை உண்மையான வருமானத்தைச் சொல்லும் காகிதமாகிவிடும். கமிஷன் மண்டியில் ரொக்கம் வாங்கினாலும், பில் வாங்கிக்கொண்டு, பணத்தைக் கணக்கில் போட்டு எடுப்பது நல்லது.

அவசரமாகக் கார்டு வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி, வைப்புத்தொகை மீது கொடுக்கும் கார்டு. வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டால், அதை ஈடாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கு வரை வரம்புள்ள கார்டு கொடுப்பார்கள். ஈடு இருப்பதால் பொதுவாக வருமானச் சான்று கேட்பதில்லை. வைப்புக்கு வட்டியும் வரும். ஒழுங்காகக் கட்டிவந்தால் கடன் வரலாறும் சேரும்.

கடன் வரலாறு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஒரு வங்கி மறுத்தவுடன் அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் எழுதிப் போடுவது தவறு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி கடன் தகவல் நிறுவனத்தில் விசாரிக்கும். அந்த விசாரணை பதிவாகும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் இருந்தால் மதிப்பெண் குறையும். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் இருக்கின்றன. ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். மைத்துனரின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால், அதுவும் அந்த அறிக்கையில் நிற்கும். கட்டி முடித்த நகைக்கடன் ‘நிலுவை’ என்று தவறாக இருந்தால், எழுதிக் கொடுத்துத் திருத்தலாம்.

உண்மையில் தேவை எந்தக் கார்டு?

வாசகர் கார்டு கேட்பது எதற்காக என்று எழுதவில்லை. விதை, உரம், நடவுக் கூலி, தீவனம் இவற்றுக்காக என்றால், சாதாரண கிரெடிட் கார்டு அவருக்கு ஏற்றதே அல்ல. கார்டு பில் மாதா மாதம் வரும்; நெல்லோ நான்கைந்து மாதம் கழித்துத்தான் பணமாகும். வாங்கிய பொருளுக்கு 45, 50 நாள் வரை வட்டியில்லை என்பது முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால், மீதிக்கு வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் பணமாக எடுத்தால், எடுத்த அன்றிலிருந்தே வட்டி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்டில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 50,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. கிசான் கிரெடிட் கார்டில் ஆண்டு வட்டி 7 சதவீதம். அதே 50,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டியே 1,750 ரூபாய்தான். தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் 3 சதவீதம் சலுகை போக, 4 சதவீதக் கணக்கில் 1,000 ரூபாய் ஆகும். ஒரு மாதத்துக்கு அங்கே கொடுக்கும் வட்டி, இங்கே ஒரு பட்டத்துக்குப் போதும்.

கிசான் கார்டின் வரம்பு எப்படி முடிவாகிறது?

1998-ல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில், வருமானச் சான்று கணக்கிலேயே வருவதில்லை. எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஒவ்வோர் ஆண்டும் நிர்ணயிக்கிறது. இதை ‘கடன் அளவு’ என்பார்கள். அதைப் பயிர்ப் பரப்பால் பெருக்க வேண்டும். அந்தத் தொகையில் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவு மற்றும் வீட்டுச் செலவுக்காகவும், 20 சதவீதம் மோட்டார், கருவி போன்றவற்றின் பராமரிப்புக்காகவும் சேரும். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் சேரும்.

உதாரணத்துக்கு, நெல்லுக்கு ஏக்கருக்கு 36,000 ரூபாய், மணிலாவுக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நெல்லுக்கு 72,000, ஒரு ஏக்கர் மணிலாவுக்கு 30,000, மொத்தம் 1,02,000. இதில் 10 சதவீதம் 10,200. 20 சதவீதம் 20,400. ஆகக் கூடி 1,32,600 ரூபாய், அதோடு காப்பீட்டுப் பிரீமியம். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசிக்காக 10 சதவீதம் வீதம் கூடும். கார்டு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உண்மையான கடன் அளவு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வங்கியிலோ கேட்டால் சொல்வார்கள்.

2025 ஜனவரி 1 முதல், 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அதற்கு முன் இது 1.6 லட்சமாக இருந்தது. மேலே போட்ட கணக்கு இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அதனால் நில அடமானமோ நகையோ தேவையில்லை. ஒரு ஹெக்டேருக்குள், அதாவது இரண்டரை ஏக்கருக்குள் நிலம் உள்ள குறு விவசாயிகளுக்கு, நில மதிப்பைப் பார்க்காமல், மேலாளர் நேரில் மதிப்பிட்டு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை தரும் வழியும் இருக்கிறது.

கொடுக்க வேண்டிய காகிதங்கள்: ஆதார், பான் (பான் இல்லாதவர்கள் படிவம் 60), பட்டா, சிட்டா, நடப்புப் பசலி அடங்கல், புகைப்படம், வேறு வங்கியில் உள்ள கடன் பற்றிய விவரம். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் வாங்கியிருந்தால் அதையும் கொடுக்கலாம். சம்பளச் சீட்டும் வருமானவரிக் கணக்கும் இந்தப் பட்டியலில் இல்லை. கிளையில் இதையும் மீறிக் கேட்டால், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. அங்கே பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால், தமிழ்நாடு அரசே வட்டியை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், ஒரே சர்வே எண்ணைக் காட்டி, சங்கத்திலும் வங்கியிலும் இரண்டு பயிர்க்கடன் வாங்கக் கூடாது.

இரண்டு மாடுகளின் தீவனச் செலவுக்கும் கால்நடை கிசான் கார்டு உண்டு. அதில் 2 லட்சம் வரை வட்டிச் சலுகை கிடைக்கும். பால் சங்கத்தின் பட்டுவாடாப் புத்தகம் இதற்கு உதவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. 3 சதவீதச் சலுகை தேதிக்குள் கட்டுபவருக்குத்தான். தவணைத் தேதியை வங்கிப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நெல்லை விற்ற பணம் முதலில் அந்தக் கணக்குக்குப் போகட்டும். தேவைப்பட்டால், அடுத்த பட்டத்துக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: “பட்டா இறந்துபோன என் மாமனார் பெயரில் இருக்கிறது. சாகுபடி செய்வது நானும் என் கணவரும். வங்கியில் கிசான் கார்டு தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?”

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பட்டாவை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. இ-சேவை மையத்தில் மாமனாரின் இறப்புச் சான்றைக் கொண்டு வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்று கிடைத்ததும், வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றக் கேட்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா கொடுப்பார்கள். புகுந்த வீட்டுக்குப் போன நாத்தனாரையும் சேர்த்து, வாரிசு யாரையும் விடாமல் எழுதுவது பிற்பாடு வரும் வழக்கைத் தடுக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கிசான் கார்டு நில உரிமையாளருக்கு மட்டுமான திட்டம் அல்ல. குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகை செய்பவர், வாரத்துக்குப் பயிர் செய்பவர் ஆகியோருக்கும் திட்டத்தில் இடம் உண்டு. நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கலாம். அடங்கலில் இப்போது சாகுபடி செய்பவர் யார் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிச் சரியாகப் பதிய வைப்பது முக்கியம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், குழுக் கடனும் இருக்கிறது. மாடு வைத்திருந்தால், கால்நடை கிசான் கார்டுக்கு சாகுபடி நிலம் தேவையில்லை.

கேள்வி: “வருமானச் சான்று எதுவும் வேண்டாம், இரண்டு லட்சம் வரம்புள்ள கார்டு தயார் என்று போனில் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். நம்பலாமா?”

- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: நம்ப வேண்டாம். உண்மையான வங்கி வருமானத்தை விசாரிக்கும்போது காகிதம் கேட்கும். பின் நம்பரோ, ஓ.டி.பி.யோ, கார்டின் பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணோ கேட்காது. ‘கார்டு வெளியே வர 999 ரூபாய் முதலில் கட்டுங்கள்’ என்றால், அது ஏமாற்று வேலை என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். ஒரு செயலியை இறக்கச் சொல்லி லிங்க் அனுப்பினால், தொடவே கூடாது.

இந்திய வங்கிகளின் இணையதள முகவரி இப்போது ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் சொல்லியிருக்கிறது. முகவரியின் முடிவில் அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். காகிதம் கொடுக்க வேண்டுமானால், கிளைக்கு நேரில் போய், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் ‘இன்ன வங்கியில் கார்டு விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த நகல் வேறு கடனுக்குப் போவதை இது தடுக்கும்.

கேட்காமலேயே கார்டு தபாலில் வந்துவிட்டால், பயன்படுத்தாமல், ‘வேண்டாம்’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். கேட்காத கார்டை அனுப்புவது விதிமீறல். கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், நிலுவை எதுவும் இல்லாதபட்சத்தில், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும்.

பணம் பறிபோய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாட்களுக்குள் சரியான பதில் இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

வீட்டில் ஒரு கோப்பு

மூன்று கடிதங்களும் காகிதத்தைப் பற்றியவையே. ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் ஒரு கோப்பு போட்டு இவற்றைச் சேர்த்துவைத்தால், எந்த வங்கியில் எதைக் கேட்டாலும் ஓட வேண்டியதில்லை:

* பட்டா, சிட்டா, நடப்புப் பசலி அடங்கல் நகல்கள்
* சிறு, குறு விவசாயி சான்று
* ஆதார், பான் நகல்கள்
* 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை
* நெல் கொள்முதல் ரசீது, விற்பனைக்கூட ரசீது, பால் பட்டுவாடாப் புத்தகம்
* உரம், விதை வாங்கிய பில்கள்
* பழைய கடன்களைக் கட்டி முடித்ததற்கான நிலுவையில்லாச் சான்று
* ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த கடன் தகவல் அறிக்கை

இதோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றில், பட்டம் வாரியாகச் செலவையும் வரவையும் எழுதிவர வேண்டும். வங்கியில் அந்த நோட்டை ஆவணமாக ஏற்காமல் போகலாம். ஆனால், கடன் எவ்வளவு வாங்கினால் கட்ட முடியும் என்பதை வாங்குபவருக்கு அது சொல்லிவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் எழுதும் வேலையைக் கொடுத்தால், அவர்களுக்கும் குடும்பத்தின் கணக்கு தெரியும்.